நாலாயிரத்து இருபது

பனகல் சாலையில் நஜ்முதீன் கடை.
கண்ணாடி மேசைமேல் இரண்டு மடிக்கணினி,
இரண்டும் யாரோ வாங்கி யாரோ விற்றவை.
ஒன்றின் மூடியில் நீளக் கீறல்.
மற்றதில் எந்தக் கல்லூரிப் பையனோ ஒட்டிய
மஞ்சள் சிரிப்பு முகம், பாதி உரிந்து.

"பிராசசர் ரெண்டும் ஒரே குடும்பம் சார்.
சிரிப்பு, நாலாயிரம்.
கீறல், நாலாயிரத்து இருபது."
அந்த இருபதுக்கு
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கூடக் கேட்கிறார்.

இரண்டுக்கும் இரண்டே கோர். இரண்டும் ஆறு வாட்.
எங்கள் கொள்முதல் நிலையத்தில் ராத்திரி
சாக்கு அடுக்கின்மேல் எரியும் பல்பே ஒன்பது.
பழைய இயந்திரம்
விசிறி வழியே நெல் சுணையைத் தின்று தின்று
பொங்கலுக்கு மறுநாள் செத்தது.
அம்மையப்பனில் நண்பகலில் மின்சாரம் போனால்
பைக் பேட்டரியில் கம்பி கொடுத்துப்
பட்டியல் போடுகிறவன் நான்.
எனக்கு வேண்டியது
பசி குறைந்த, மூச்சு விடாத ஒரு பிராணி.

ஆனாலும் இருபது என்றால் என்னவென்று தெரியாமல்
விட்டுவிட மனசில்லை.

பென் டிரைவில் போன பட்டத்துப் பேரேடு:
அறுநூற்றுப் பன்னிரண்டு வரி,
பெயர், சர்வே எண், மூட்டை, எடை, ஈரம், தொகை.
இரண்டிலும் திறந்து
இரண்டு கை ஆள்காட்டி விரலாலும்
ஒரே நேரத்தில் தட்டினேன்.
நஜ்முதீன் போனில் விநாடி எண்ணினார்.
ஒன்பது. எட்டு.
மறுபடியும் ஒன்பது. எட்டு.
"பாத்தீங்களா" என்றார், தானே ஓடி ஜெயித்த மாதிரி.

தேநீர் சொல்ல அவர் வெளியே போனபோது
மின்சாரம் போனது.
மாசி வெயில் தகர ஷட்டரைத் தாண்டி
உள்ளே வந்து உட்கார்ந்தது.
பெட்டிகளுக்கு அடியில் உள்ளங்கை வைத்தேன்,
காய்ச்சல்காரன் வயிறு.
அரைமணி கழித்துத் தட்டினால்
எட்டுக்காரனுக்குப் பத்து ஆனது.
ஒன்பதுக்காரனுக்கும் பத்து.
சூட்டில் எல்லோருக்கும் ஒரே நடை.

"செய்யும்போதே வேற வேறயா?" என்று கேட்டேன்.
"அப்படி இல்ல சார். எல்லாம் ஒரே தட்டுல வெட்டுறதுதான்னு சொல்றாங்க.
சோதிச்சுப் பாப்பாங்களாம்.
கொஞ்சம் கூட ஓடுனா பெரிய நம்பர்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

ஒரே நாற்று, ஒரே ஓடம்போக்கித் தண்ணீர்.
போன செவ்வாய் பக்கிரிசாமி கொண்டுவந்த நெல்லில்
மேட்டுத் தாக்கு பதினாறரை,
வாய்க்கால் ஓரத் தாக்கு பதினேழு புள்ளி நாலு.
கருவி சொன்னதை நான் சொன்னேன்.
முன்னதைத் தூற்றி, தைத்து, அடுக்கினோம்.
பின்னதை அவர் தார்ச்சாலையில் பரப்பி
மூன்று நாள் லாரிகளுக்கு நடுவே காலால் கிளறினார்.
நாலாம் நாள் தூறல்.
புள்ளி நாலை நான் உண்டாக்கவில்லை.
என் வாய் வழியாகத்தான் அது வெளியே வந்தது.

மின்சாரம் வந்தது.
சிரிப்பு முகத்தை எடுத்துக்கொண்டேன்.
நியாயத்துக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம்.
மிச்சக் காசில் ஒரு பைக் பேட்டரி வந்தது,
அதிலும் மிச்சத்தில் இரண்டு புரோட்டா.

இன்று நிலையத்தில் டிராக்டர் வரிசை
ரயில்வே கேட் வரை.
பக்கிரிசாமி முறை.
இந்தத் தடவை பதினேழுக்குள்தான்.
எண்களை உள்ளிட்டுத் தட்டுகிறேன்.
வட்டம் சுற்றுகிறது.
எட்டில் முடிந்திருந்தால்
திரையையே பார்த்துத் தப்பித்திருப்பேன்.

ஒன்பதாவது விநாடி.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்க்கிறார்.